மிச்சிகனில் சொத்து வரி பாக்கியால் வீடு பறிபோகாமல் காத்துக்கொள்வது எப்படி?

மிச்சிகன் மாநிலத்தில் சொத்து வரி பாக்கிக்காகக் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளும்போது, பாக்கித் தொகை பெரிதா சிறிதா என்று சட்டம் பார்ப்பதில்லை. எந்த ஆண்டின் வரி பாக்கி என்பதை மட்டுமே பார்க்கிறது. வங்கிக் கடன் ஒரு டாலர்கூட இல்லாத வீடு, இரண்டாயிரமோ மூவாயிரமோ டாலர் பாக்கிக்காக மொத்தமாகக் கைவிட்டுப் போய்விடக்கூடும். பெரியப்பா காலமான பிறகு பெரியம்மாவின் வீட்டுக்கு அப்படியொரு நோட்டீஸ் வந்தபோது, டவுன்ஷிப் (ஊராட்சி), கவுண்டி, நீதிமன்றம் என்று அலைந்து தெரிந்துகொண்டவற்றை, இங்கே புதிதாக வீடு வாங்கும் குடும்பங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். வேறு மாநிலங்களில் இருப்பவர்கள் இதிலுள்ள தேதிகளையும் வட்டி விகிதங்களையும் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கெல்லாம் சட்டம் வேறு.

1. முதலில் நாள்காட்டியை மனத்தில் பதியுங்கள்

சொத்து வரிப் பில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். கோடைப் பில் ஜூலை 1 அன்று வெளியாகும். பெரும்பாலான ஊர்களில் அதைச் செப்டம்பர் 14க்குள் கட்ட வேண்டும். குளிர்காலப் பில் டிசம்பர் 1 அன்று வெளியாகும். அதற்குக் கெடு பிப்ரவரி 14. இரண்டையும் நகராட்சி அல்லது டவுன்ஷிப் பொருளாளரிடம் கட்டுகிறோம். பிப்ரவரி முடியும்வரை கட்டப்படாத தொகை, மார்ச் 1 அன்று கவுண்டிப் பொருளாளரின் கணக்குக்கு மாறிவிடும். அதன் பிறகு அந்த ஆண்டுக்கான பணத்தைக் கவுண்டியில் மட்டுமே கட்ட முடியும்.

2024ஆம் ஆண்டு வரியை எடுத்துக்கொள்வோம். அது கட்டப்படாமல் இருந்தால் 2025 மார்ச் 1 அன்று கவுண்டிக்குப் போகும். 2026 மார்ச் 1 அன்று 'ஃபார்ஃபீச்சர்' என்ற நிலைக்கு வரும். அப்போது வீடு இன்னும் உங்களுடையதுதான், ஆனால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உங்கள் வீட்டின் பேரில் ஒரு சான்றிதழ் பதிவாகிவிடும். 2027 மார்ச் 31 வரை முழுத் தொகையும் கட்டப்படாவிட்டால், நீதிமன்றத் தீர்ப்பின்படி உரிமை கவுண்டிப் பொருளாளருக்குப் போய்விடும். இதுதான் 'ஃபோர்க்ளோஷர்'. அதற்குப் பிறகு பணத்தோடு போய் நின்றாலும் திரும்பப் பெறும் உரிமை கிடையாது. மார்ச் 31 என்ற இந்த நாளைச் சுற்றித்தான் மற்ற எல்லாம் சுழல்கிறது.

2. வரியை யார் கட்டுகிறார் என்பதை உறுதிசெய்யுங்கள்

வீட்டுக் கடன் இருக்கும்வரை பெரும்பாலானவர்களுக்கு எஸ்க்ரோ கணக்கு (மாதத் தவணையோடு வரிக்கான பணத்தையும் பிடித்துவைக்கும் கணக்கு) மூலம் கடன் நிறுவனமே வரியைக் கட்டிவிடுகிறது. எஸ்க்ரோ இல்லாவிட்டாலும், தன் கடனுக்கு ஆபத்து வரும் என்பதால் நிறுவனம் வரியைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். ஆகவே சொத்து வரிக்காகப் பறிபோகும் வீடுகள் பெரும்பாலும் கடன் அடைந்து முடிந்தவை, ரொக்கத்துக்கு வாங்கியவை, வாரிசுகளுக்கு வந்தவை, அல்லது விற்பவரிடமே தவணை கட்டும் 'லேண்ட் கான்ட்ராக்ட்' முறையில் வாங்கியவை.

கடனை அடைத்து முடிக்கும் ஆண்டுதான் மிகவும் ஆபத்தான ஆண்டு என்பது என் கருத்து. அடைத்த சில வாரங்களில் எஸ்க்ரோவில் மிஞ்சிய தொகை காசோலையாக வரும். அது அடுத்த வரிப் பில்லுக்காக உங்களிடம் பிடித்துவைத்த பணம். எதிர்பாராத வரவு என்று செலவழித்துவிட வேண்டாம். அதே வாரத்தில் டவுன்ஷிப் பொருளாளர் அலுவலகத்துக்குப் போய், இனிப் பில் எந்த முகவரிக்கு வரும் என்று கேட்டு, அதை எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பில் வரவில்லை என்பது மிச்சிகன் சட்டத்தில் செல்லுபடியாகும் காரணமல்ல. வராத பில்லுக்கும் வட்டி ஓடும்.

கடன் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போதும் ஒரு பில் இடையில் விழுந்துவிடுவதுண்டு. நீங்கள் தவணைகளை ஒழுங்காகக் கட்டியிருந்தால், எஸ்க்ரோவிலிருந்து காலத்தில் கட்டாததால் வரும் அபராதம் நிறுவனத்தின் பொறுப்பு. தொலைபேசியில் பேசி விட்டுவிடாமல் கடிதமாக அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டு ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பில்லும் நோட்டீசும் வாடகைக்காரரின் கைக்குப் போகும். அவர் அனுப்புவார் என்று நம்பியிருக்காதீர்கள். இங்கேயுள்ள நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிட்டு, டவுன்ஷிப் கணக்கு, கவுண்டிக் கணக்கு இரண்டையும் நீங்களே ஆண்டுக்கு இரண்டு முறை இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

3. புதிதாக வாங்கியவர்கள் இரண்டாம் ஆண்டுப் பில்லுக்குத் தயாராகுங்கள்

வீட்டு விளம்பரத்தில் காட்டப்படும் வரி, விற்பவர் கட்டிய வரி. நீங்கள் கட்டப்போவது அதுவல்ல. 1994இல் வந்த 'ப்ரொபோசல் ஏ' திருத்தத்தின்படி, ஒரே உரிமையாளரிடம் வீடு இருக்கும்வரை வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்க அளவு, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. வீடு கைமாறிய அடுத்த ஆண்டு அந்த வரம்பு நீங்கி, மதிப்பு சந்தை விலையின் பாதிக்கு ஒரே தாவலாக ஏறிவிடும். எடுத்துக்காட்டாக, 4,00,000 டாலர் பெறும் வீட்டில் பழைய உரிமையாளருக்கு வரிக்குரிய மதிப்பு 1,20,000 என்றும், வரி ஆயிரம் டாலருக்கு 40 டாலர் என்றும் வைத்துக்கொண்டால், அவர் கட்டியது 4,800 டாலர். உங்களுக்கு மதிப்பு 2,00,000 ஆகி, வரி 8,000 டாலராகும். மாதத் தவணையைக் கணக்கிட்டு வீடு வாங்கிய பல குடும்பங்கள் இந்த வேறுபாட்டில்தான் முதன்முதலில் தடுமாறுகின்றன.

வாங்கியவுடன் இரண்டு தாள்கள் ஊர் மதிப்பீட்டாளரிடம் போய்ச் சேர வேண்டும். சொத்து கைமாறியதைத் தெரிவிக்கும் எல்-4260 படிவத்தை 45 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் குடியிருப்பு வீட்டுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் வீதம் 200 டாலர் வரை அபராதம் உண்டு. இரண்டாவது, சொந்தக் குடியிருப்புக்கான விலக்குக் கோரும் 2368ஆம் எண் படிவம். இந்த விலக்கு, உள்ளூர்ப் பள்ளி இயக்கத்துக்கான வரியில் ஆயிரத்துக்கு 18 டாலர் வரை குறைக்கும். கோடைப் பில்லில் சேர ஜூன் 1க்குள்ளும், குளிர்காலப் பில்லில் சேர நவம்பர் 1க்குள்ளும் கொடுக்க வேண்டும். பத்திரம் முடிக்கும் நிறுவனம் அனுப்பிவிடும் என்பார்கள். அனுப்பியதா என்று மதிப்பீட்டாளரிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். அந்த வீட்டை விட்டுக் குடிபெயர்ந்தால் 90 நாள்களுக்குள் விலக்கைத் திரும்பப் பெறும் படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நடப்பு ஆண்டோடு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து வட்டியுடன் பில் வரலாம். ஒரு பாக்கியும் இல்லாத வீடு திடீரென்று பாக்கிப் பட்டியலில் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மதிப்பீடே மிகை என்று தோன்றினால், ஆண்டின் தொடக்கத்தில் வரும் மதிப்பீட்டு அறிவிப்பை எடுத்துக்கொண்டு மார்ச் மாத மறுஆய்வுக் குழுவிடம் முறையிட வேண்டும். டெட்ராயிட்டில் அதற்கும் முன்பே, பிப்ரவரியில், மதிப்பீட்டாளரிடம் முறையிட வேண்டும். பில் வந்த பிறகு மதிப்பைப் பற்றி வாதிட இடமில்லை.

4. பாக்கி விழுந்துவிட்டதா? பழைய ஆண்டிலிருந்து கட்டுங்கள்

பில்லின் மேலேயுள்ள நில எண்ணைக் குறித்துக்கொண்டு, கவுண்டிப் பொருளாளரின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஆண்டுவாரியாகப் பாக்கி தெரியும். அதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் மிகப் பலர் ஏமாந்துபோகிறார்கள். கையிலிருக்கும் புதுப் பில்லை டவுன்ஷிப்பில் ஒழுங்காகக் கட்டிவிட்டு, கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார்கள். கவுண்டியில் இருக்கும் பழைய ஆண்டுப் பாக்கிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 2025ஆம் ஆண்டு வரியைச் சுத்தமாகக் கட்டியிருந்தாலும், 2024ஆம் ஆண்டுப் பாக்கி வீட்டைக் கொண்டுபோய்விடும். கையில் பணம் குறைவாக இருந்தால், மிகப் பழைய ஆண்டை முழுதாக அடைப்பதே முதல் வேலை. அப்படி அடைத்தால் அடுத்த ஆண்டுப் பாக்கிக்கான மார்ச் 31 வரை உங்களுக்கு ஓராண்டு அவகாசம் கிடைக்கும். எல்லா ஆண்டுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கட்டினால் ஒன்றும் அடையாது, கெடுவும் நகராது.

கட்டும்போது ரசீதில் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். கெடு நெருங்கும்போது பல அலுவலகங்கள் தனிநபர் காசோலையை ஏற்பதில்லை. வங்கிக் காசோலையோ மணி ஆர்டரோ கொண்டுபோங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் தனியாக ஒரு சதவீதக் கட்டணம் சேரும், அது வரிக்குப் போகாது. அன்றைய தேதிக்கான முழுத் தொகையைக் கேட்டு அதையே கட்டுங்கள். வட்டியில் சில டாலர் குறைந்தாலும் அந்த ஆண்டு பாக்கியாகவே நிற்கும். ஃபார்ஃபீச்சருக்குப் பிறகு அடைத்தவர்கள், பாக்கி அடைந்ததைக் காட்டும் மீட்புச் சான்றிதழ் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவானதா என்பதையும் பார்த்து, ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்; பிற்பாடு வீட்டை விற்கும்போது அது தேவைப்படும்.

5. தாமதத்தின் விலை

கவுண்டிக்கு மாறிய நாளில் 4 சதவீத நிர்வாகக் கட்டணம் சேரும். மாதம் 1 சதவீத வட்டி தொடங்கும். அக்டோபர் 1 அன்று 15 டாலர் சேரும். ஃபார்ஃபீச்சர் ஆனதும் 175 டாலரும் பதிவுக் கட்டணமும் சேர்வதோடு, வட்டி மாதம் 1.5 சதவீதமாக ஏறும். அதுவும் அன்றிலிருந்து அல்ல, முதன்முதலில் கவுண்டிக்குப் போன நாளிலிருந்தே கணக்கிடப்படும். 3,000 டாலர் வரியைக் கடைசி நாள்வரை இழுத்தால், 25 மாத வட்டி மட்டும் 1,125 டாலர். கட்டணங்களோடு 4,435 டாலரைத் தாண்டிவிடும். முதல் ஆண்டு முடிவதற்குள், அதாவது வட்டி ஏறும் அந்த மார்ச் 1க்கு முன்பே, உறவினரிடம் கைமாற்று வாங்கியாவது கட்டிவிடுவது மேல்.

6. கட்ட வழியில்லை என்றால்

வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. எதுவும் தானாக வராது.

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான வரி விலக்கை ஊர் மறுஆய்வுக் குழு மார்ச், ஜூலை, டிசம்பர் மாதக் கூட்டங்களில் வழங்குகிறது. டெட்ராயிட் நகரில் இதை 'ஹோப்' என்கிறார்கள். சொந்தப் பெயரில் பத்திரம் இருக்க வேண்டும், அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். 5737ஆம் எண் படிவத்தோடு, வீட்டில் வசிக்கும் ஒவ்வொருவரின் கூட்டாட்சி, மாநில வருமான வரிப் படிவ நகல்களையும் இணைக்க வேண்டும். வருமான வரிப் படிவம் போட வேண்டாதவர்களுக்கு 4988ஆம் எண் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அடையாள அட்டையும் பத்திர நகலும் கேட்பார்கள். முழுதாகவோ பகுதியாகவோ விலக்குக் கிடைக்கும். இந்த விலக்கு அந்த ஆண்டு வரிக்குத்தான்; பழைய பாக்கி அப்படியே நிற்கும்.

பழைய பாக்கிக்கு, மேற்சொன்ன விலக்குப் பெற்றவர்களை மட்டுமே ஏற்கும் 'பே அஸ் யூ ஸ்டே' என்ற திட்டம் 2020இல் சட்டமாக வந்தது. வட்டியும் அபராதமும் நீக்கப்பட்டு, அசல் பாக்கி அல்லது வரிக்குரிய மதிப்பில் 10 சதவீதம், இவற்றில் குறைந்ததை வட்டியில்லாமல் மூன்று ஆண்டுகளில் கட்டலாம். காலவரம்போடு இயற்றப்பட்ட சட்டம் என்பதால், இப்போது நடப்பில் உள்ளதா என்று கவுண்டியில் கேட்டுவிட்டே திட்டமிடுங்கள். விலக்கு கிடைக்காதவர்களுக்குத் தவணை ஒப்பந்தம் இருக்கிறது. டெட்ராயிட் அடங்கிய வேய்ன் கவுண்டியில் வீட்டில் குடியிருக்கும் உரிமையாளருக்கு, ஆண்டுக்கு 18 சதவீதமாக ஓடும் வட்டியை 6 சதவீதமாகக் குறைக்கும் ஒப்பந்தம் உண்டு; இதுவும் இப்போது நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதிலுள்ள பொறி, தவணை கட்டும் காலத்தில் புதிய ஆண்டு வரிகளையும் தவறாமல் கட்ட வேண்டும் என்பதே. ஒன்று தவறினாலும் ஒப்பந்தம் முறிந்து பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, கோடைப் பில்லைப் பிப்ரவரி வரை வட்டியில்லாமல் தள்ளிப்போடும் வசதி இருக்கிறது. எம்ஐ-1040சிஆர் படிவம் மூலம் மாநில அரசிடமிருந்து கிடைக்கும் சொத்து வரித் தள்ளுபடியை நான்கு ஆண்டுகள்வரை பின்னோக்கியும் கோரலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. பாக்கியின் ஒரு பகுதி அதிலிருந்தே வரக்கூடும். எதில் தொடங்குவது என்று புரியாதவர்கள் 211 என்ற எண்ணை அழைத்தால், அருகிலுள்ள இலவச உதவி அமைப்பைச் சொல்வார்கள். டெட்ராயிட் பகுதியில் லேக்‌ஷோர் லீகல் எய்ட், வேய்ன் மெட்ரோ ஆகியவை இந்த விண்ணப்பங்களைப் பூர்த்திசெய்யவே ஆட்களை வைத்திருக்கின்றன.

இந்தக் கட்டத்தில்தான் 'உங்கள் வீட்டை உடனே வாங்கிக்கொள்கிறோம்' என்று கடிதங்கள் குவியும், ஏனென்றால் பாக்கிப் பட்டியல் பொது ஆவணம். வரியைக் கட்டித் தருகிறேன், இந்த ஒரு தாளில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்று எவராவது வந்தால், அந்தத் தாள் உரிமையை எழுதிக்கொடுக்கும் 'க்விட் க்ளெய்ம்' பத்திரமாக இருக்கலாம். வழக்கறிஞர் படிக்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

7. பத்திரத்தில் இருக்கும் பெயர்

எங்களுக்கு மிக நீண்ட அலைச்சலைக் கொடுத்தது இதுதான். பத்திரம் பெரியப்பா பெயரில் மட்டும் இருந்ததால், எல்லாக் கடிதங்களும் அவர் பெயருக்கே வந்தன. வேய்ன் கவுண்டியில் ஃபோர்க்ளோஷர் நோட்டீசை மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பையைப் பெரியம்மா கடை விளம்பரம் என்று எண்ணி, கராஜில் பழைய செய்தித்தாள்களின் மேல் பிரிக்காமல் வைத்திருந்தார். உள்ளே நில எண், பாக்கி ஆண்டு, விசாரணைத் தேதி மூன்றும் இருந்தன. பிரித்துப் பார்த்து ஓடியபோது, பணம் கட்டுவதில் சிக்கல் இல்லை. யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் விலக்குக்கும் தவணைக்கும் விண்ணப்பிக்க, வீடு அவர் பெயருக்கு வந்தாக வேண்டியிருந்தது.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால், இறப்புச் சான்றிதழைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்தாலே பெரும்பாலும் போதும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், ப்ரொபேட் நீதிமன்றத்தில் வாரிசு நடவடிக்கை தொடங்கி அதிகாரப் பத்திரம் வாங்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். எனவே வீட்டில் துக்கம் நடந்த சில வாரங்களிலேயே, மனம் ஒப்பாவிட்டாலும், இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். அதுவரை வரும் பில்லைப் பிள்ளைகள் பங்கிட்டாவது கட்டிவிட வேண்டும்.

லேண்ட் கான்ட்ராக்டில் வாங்கியவர்கள், ஒப்பந்தத்தின் சுருக்கத்தைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் உங்களைத் தேடி வராது.

8. ஜனவரி முதல் மார்ச் 31 வரை

கடைசி ஆண்டின் ஜனவரியில் பொருளாளர் அலுவலகம் ஒரு விசாரணை நடத்தும். இது நீதிமன்றமல்ல, உங்கள் நிலையைச் சொல்லித் தவணையோ அவகாசமோ கேட்கும் இடம். கட்டாயம் போங்கள். கடும் பொருளாதார நெருக்கடியில் இருப்பவரின் வீட்டை அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்து விலக்கிவைக்கப் பொருளாளருக்குச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. வருமானம், மருத்துவச் செலவு, வேலையிழப்புக் கடிதம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பிப்ரவரியில் சர்க்யூட் நீதிமன்றத்தில் வழக்கு வரும். வரியே தவறு, ஏற்கெனவே கட்டியாயிற்று, நோட்டீஸ் முறையாக வரவில்லை போன்ற எதிர்வாதம் இருந்தால், அதற்கு முன் எழுத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பணமில்லை என்பது அங்கே வாதமாகாது.

மார்ச்சில் கவுண்டி அலுவலகங்களில் கூட்டம் அதிகம். வேய்ன் கவுண்டி அலுவலகம் டெட்ராயிட்டின் 400 மன்ரோ தெருவில் ஐந்தாம் தளத்தில் இருக்கிறது. கடைசி வாரத்தில் போவதாக இருந்தால் அந்த நாளையே அதற்கென ஒதுக்கிவிடுங்கள். வேறு எந்த வழியும் இல்லாமல், மார்ச் 31க்குள் 13ஆம் அத்தியாயத் திவால் மனு தாக்கல் செய்து, பாக்கியை ஐந்தாண்டுகள்வரை பிரித்துக் கட்டுவோரும் உண்டு. அதன் பின்விளைவுகள் பெரியவை. கெடு நாளில் அல்ல, மாதங்களுக்கு முன்பே வழக்கறிஞரிடம் பேசியிருக்க வேண்டும்.

9. வீடு போய்விட்டாலும் மீதிப் பணம் உங்களுடையது

முன்பு கவுண்டிகள் ஏலத்தில் கிடைத்த தொகை முழுவதையும் வைத்துக்கொண்டன. ஓக்லாண்ட் கவுண்டியில் வட்டியில் 8.41 டாலர் குறையக் கட்டிய ஒருவரின் பாக்கி, 285.81 டாலராக வளர்ந்து, சொத்து 24,500 டாலருக்கு விற்கப்பட்டது. மீதி அவருக்குத் தரப்படவில்லை. அது அரசமைப்புக்கு முரண் என்று 2020இல் ரஃபேலி வழக்கில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் மின்னசோட்டாவிலிருந்து வந்த டைலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அதே நிலையை எடுத்தது.

ஆனால் மிச்சிகனில் இந்தப் பணம் கேட்டால்தான் வரும். உரிமை போன ஆண்டின் ஜூலை 1க்குள், 5743ஆம் எண் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, நேரிலோ ஒப்புகை அட்டையுடன் கூடிய சான்றளித்த தபாலிலோ கவுண்டிப் பொருளாளரிடம் சேர்க்க வேண்டும். ஏலம் நடப்பதே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். விற்ற பின் கேட்கலாம் என்று காத்திருந்தால் உரிமை போய்விடும். அடுத்த ஆண்டு ஜனவரியில் எவ்வளவு மீதி என்று அறிவிப்பு வரும். அதை வைத்துப் பிப்ரவரி 1 முதல் மே 15க்குள் சர்க்யூட் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வரி, வட்டி, செலவுகளோடு விற்ற விலையில் 5 சதவீதக் கமிஷனும் கழித்து மிச்சம் கிடைக்கும். வீட்டின் மேல் வேறு கடன் இருந்தால் அவர்களும் பங்கு கேட்பார்கள். படிவம் இலவசம். பெரும் பங்கு எடுத்துக்கொண்டு இதைப் பெற்றுத் தருவதாகக் கடிதம் எழுதுவோரிடம் ஒப்பந்தம் போடுவதற்கு முன், இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டைவிட்டுக் குடிபெயரும்போது புதிய முகவரியைப் படிவத்தில் எழுதியிருக்கிறீர்களா என்பதையும் சரிபாருங்கள்; ஜனவரி அறிவிப்பு அந்த முகவரிக்குத்தான் வரும்.